பிரிக்காத நூற்றெட்டுப் பெட்டிகள்

அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் அன்றைக்கே பதில் போட்டுவிடுவது ஹப்போ சாட்ஹோஃபின் வழக்கம். கடிதத்தைப் படிப்பார், ஓரத்தில் இரண்டு துளை போட்டுக் கோப்பில் செருகுவார், பதில் எழுதுவார், ஐந்து மணிக்குத் தபால் பெட்டியைத் திறக்க வருகிறவனுக்கு முன்னால் போய்ப் போட்டுவிட்டு வருவார். கடலணைக் கழகத்தில் முப்பத்தெட்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். அணையின் மேல் நடந்து, எலி எங்கெல்லாம் வளை தோண்டியிருக்கிறது என்று பார்த்து எழுதி வைப்பதுதான் வேலை. ஒரு வளையை விட்டுவிட்டாலும் மழைக்காலத்தில் கடல் ஊருக்குள் வந்துவிடும். அவர் ஒன்றையும் விட்டதில்லை. ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. அந்த ஊரில் இன்றுவரை யாரும் முழுகவில்லை.

ஆகவே மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் வரி அலுவலகத்துக் கடிதம் வந்தபோது அவர் பதறவில்லை. மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன பயம்? கணவன் மனைவி இருவர் பெயருக்கும் வந்திருந்தது. ஆண்டுதோறும் இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்காகத்தான் அவர் தாக்கல் செய்வார், அதுவும் கெடுவுக்கு நான்கு மாதம் முன்னதாக. கடிதம் சொன்னது இது: சென்ற ஆண்டில் நீங்கள் இணையச் சந்தை ஒன்றில் நூற்றெட்டுப் பொருள்களை விற்று நாலாயிரத்து எண்ணூற்று எழுபது யூரோ பெற்றிருப்பதாக, அந்தச் சந்தையை நடத்துகிறவர்கள் சட்டப்படி எங்களுக்குத் தெரிவித்திருக்கிறார்கள். உங்கள் கணக்கில் இந்த வருமானம் இல்லை. விளக்கம் தரவும்.

ஹப்போவுக்குச் சிரிப்பு வந்தது. நூற்றெட்டாம்! நம்மூராக இருந்தால் கோயிலில் அர்ச்சனை செய்கிற கணக்கு என்றாவது சொல்லலாம். யாருக்கோ போக வேண்டிய கடிதம் நமக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டினார். மனைவி ஃபென்னா வீட்டில் இல்லை. செவ்வாயும் வியாழனும் அவள் சைக்கிளில் ஏறி நீச்சல்குளத்துக்குப் போவாள். முட்டிவலிக்குத் தண்ணீருக்குள் நின்று செய்கிற உடற்பயிற்சி. அவள் ஐந்தரைக்குத்தான் வருவாள், தபால்காரன் ஐந்துக்கே வந்துவிடுவான். ஹப்போ எழுதினார்: "எங்கள் வீட்டில் யாரும் எதையும் விற்கவில்லை. 2009-இல் பக்கத்து வீட்டு எய்லர்ட்டுக்கு ஒரு பழைய சைக்கிளை முப்பது யூரோவுக்கு விற்றேன். அதற்கான சீட்டின் நகலை இணைத்துள்ளேன்." கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் ஃபென்னா வந்தபோது அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை. முடிந்துபோன வேலையைப் பற்றிப் பேச அதில் என்ன இருக்கிறது?

பதினைந்து நாளில் இரண்டாவது கடிதம் வந்தது. சைக்கிள் சீட்டுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அதற்குக் கீழே, விற்பனைக் கணக்கு ஃபென்னா சாட்ஹோஃப் பெயரில் உள்ளது, பணம் அவர் பெயரில் தனியாக இருக்கும் வங்கிக் கணக்குக்குப் போயிருக்கிறது, பொருள்கள் அனைத்தும் 'புதிது, பெட்டி பிரிக்கப்படாதது' என்று விளம்பரம் செய்யப்பட்டிருக்கின்றன, ஆகவே இது வீட்டுச் சாமானை ஒழித்துக்கட்டியதாகத் தெரியவில்லை, கடை நடத்தியதாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு இருவரும் நேரில் வரவும். கூடவே ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம்.

ஹப்போ கடிதத்தை மூன்று முறை படித்தார். துளை போட மறந்துவிட்டார். பிறகு மாடிக்குப் போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தார்.

அந்த அறைக்குள் அவர் போய்ப் பல வருஷம் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து ஃபென்னாவின் பிறந்தநாளுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, கல்யாண நாளுக்கு ஒன்று என்று வருஷத்துக்கு மூன்று பரிசு தவறாமல் வாங்கிக் கொடுத்துவருகிறார். முட்டை அவிக்கும் கருவி, ரொட்டி அரியும் கருவி, மின்சாரக் கத்தி, பாதத்துக்குச் சூடு கொடுக்கும் பை, எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுகிற கடிகாரம், ஜன்னல் துடைக்கும் கருவி, காற்றின் வேகத்தை அளக்கும் கருவி, நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு. எல்லாம் நல்ல தரம். எல்லாவற்றின் ரசீதும் உத்தரவாதச் சீட்டும் அவரிடம் தேதி வாரியாக இருந்தன. முப்பத்தேழு வருஷத்தில் ஒன்றுகூடப் பழுதாகி அந்தச் சீட்டுக்கு வேலை வரவில்லை என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. ஃபென்னா அவற்றைப் பின்னறையில் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தார்.

அறையில் அலமாரிகள் இருந்தன. அலமாரிகளில் ஒன்றும் இல்லை. துடைத்துச் சுத்தமாக இருந்தது.

மனிதர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வரி அவர் மனதில் கடைசியாகத்தான் வந்தது. புருஷன் கொடுத்த பொருளையெல்லாம் ஒன்று விடாமல் விற்று, தனியாக வங்கிக் கணக்குத் திறந்து, அதில் பணம் சேர்க்கிற பெண்பிள்ளை எதற்குச் சேர்ப்பாள்? அதற்கு ஒரே பதில்தான் தோன்றியது.

மறுநாள் வேலியோரம் எய்லர்ட் நின்றிருந்தான்.

"மொய்ன்," என்று அந்த வட்டாரத்து வணக்கத்தைச் சொன்னான். "என்னப்பா, மூஞ்சி செத்துக் கெடக்கு? அணை ஒடஞ்சிடுச்சா?"

"மொய்ன். ஒண்ணுமில்ல. எய்லர்ட், இந்த இணையத்துல பொருள் விக்கிறாங்களே, எதுக்கு விக்கிறாங்க?"

"எதுக்கா? காசுக்குத்தான். இல்லாட்டி போறதுக்கு முன்னாடி." எய்லர்ட் குரலைத் தாழ்த்தினான். "எங்க அண்ணி அப்படித்தான். மொதல்ல சோஃபாவப் படம் பிடிச்சுப் போட்டா. அப்புறம் சாப்பாட்டு மேஜை. அண்ணன் நின்னுக்கிட்டே சாப்பிட்டான், அப்பக்கூட கேக்கல. ஒரு நா பாத்தா அண்ணியையும் காணோம். இப்ப ஸ்பெயின்ல இருக்கா."

"உங்கண்ணன் ஏன் கேக்கல?"

"கேட்டா பதில் சொல்லிடுவாளேன்னு பயந்திருப்பான்."

ஹப்போவும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் படிவத்தைப் பூர்த்தி செய்தார். பெயர், முகவரி, அடையாள எண் எல்லாம் தன் அழகான கையெழுத்தில் நிரப்பினார். ஏழாவது கேள்வியை மட்டும் விட்டுவிட்டார். 'விற்பனையைத் தொடங்கியதன் நோக்கம் என்ன?' அந்த இடத்தில் மஞ்சள் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, 'ஃபென்னா, தயவுசெய்து நிரப்பவும்' என்று எழுதி, மூன்று மணித் தேநீருக்கு முன்னால் அவளுடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். பெண்டாட்டியிடம் கேட்க முடியாததை வரி அலுவலகத்தை விட்டுக் கேட்கச் சொன்ன ஆள் அந்த மாவட்டத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஃபென்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்பது கேள்விகளையும் படித்தாள். முகம் சிவக்கவும் இல்லை, வெளுக்கவும் இல்லை.

"எப்ப வந்துச்சு?"

"முந்தாநேத்து."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு வந்திருக்கணுமே. இதுல 'எங்கள் முந்தைய கடிதம்'னு இருக்கு."

"அதுக்குப் பதில் போட்டுட்டேன்."

"என்னான்னு?"

"ஒண்ணும் விக்கலன்னு."

"என்னை ஒரு வார்த்தை கேக்காம?"

"நீ தண்ணிக்குள்ள நின்னுட்டிருந்தே. தபால் அஞ்சு மணிக்குப் போயிடும்."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பேனாவை எடுத்து ஏழாவது கேள்விக்கு நேரே எழுதினாள். காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். 'இடத்தைக் காலி செய்ய' என்று எழுதியிருந்தது.

பிறகு அவள் கரண்டியைக் கோப்பைக்குள் நிறுத்தினாள். போதும் என்று அர்த்தம். அந்த வட்டாரத்தில் மூன்று கோப்பை குடிக்காமல் யாரும் கரண்டியை நிறுத்துவதில்லை. ஃபென்னா முதல் கோப்பையிலேயே நிறுத்திவிட்டு எழுந்து போனாள். ஹப்போ மிச்சத் தேநீரைத் தனியாகக் குடித்தார். இரண்டு, மூன்று, நான்கு. ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்குத் தேநீர்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒன்பதாம் தேதி ஒன்பதே முக்காலுக்கே இருவரும் வரி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஹப்போ கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கையில் ஐந்து கோப்புகள் கொண்ட பை. அதிகாரி இம்கே உப்பன் நாற்பது வயதுக்காரி. மேஜையில் ஒரு கள்ளிச்செடி வைத்திருந்தாள், அது செத்திருந்தது.

"மேடம், நூத்தெட்டுப் பொருள். எல்லாமே புதுசு. பெட்டியே பிரிக்கல," என்றாள் உப்பன். "வீட்ல இருக்கிற பழைய சாமான விக்கிறதுக்கு நாங்க வரி கேக்குறதில்ல. பழைய கோட்டு, பழைய தொட்டில், தாராளமா வித்துக்கலாம். ஆனா பழைய சாமான்னா ஒரு தடவையாவது பயன்படுத்தியிருப்பாங்க. நீங்க மூணு முட்டை அவிக்கும் கருவி வித்திருக்கீங்க. மூணும் புதுசு. எங்க கொள்முதல் பண்றீங்க?"

"கொள்முதல் பண்ணல. எனக்கு வந்துச்சு."

"யார் குடுத்தா?"

ஃபென்னா தலையைத் திருப்பாமல் கட்டைவிரலால் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

உப்பன் ஹப்போவைப் பார்த்தாள். "நீங்க சப்ளை பண்றவரா?"

"புருஷன்," என்றார் ஹப்போ.

"பரிசா குடுத்தார்," என்றாள் ஃபென்னா. "முப்பத்தேழு வருஷமா."

"வாய்வார்த்தை போதாதே மேடம். ஆதாரம் வேணும்."

அதுவரை வாடியிருந்த ஹப்போ அந்த ஒரு சொல்லில் நிமிர்ந்தார். பையைத் திறந்து ஐந்து கோப்புகளையும் மேஜைமேல் அடுக்கினார். முதல் முட்டை அவிக்கும் கருவி, 1994, யூரோ வருவதற்கு முந்தைய பணத்தில் எழுபத்தொன்பது மார்க், ரசீது இதோ, உத்தரவாதச் சீட்டு இதோ. உப்பன் விற்பனைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. நூற்றெட்டும் நூற்றெட்டுக்கும் பொருந்தியது. அந்த 1994 கருவி, வாங்கிய விலைக்கு மேலேயே போயிருந்தது தெரிந்தபோது ஹப்போவுக்கு, அந்த நிலையிலும், கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கோப்பு நான் பாத்ததில்ல," என்றாள் உப்பன். பாராட்டா இல்லையா என்று குரலில் தெரியவில்லை. "சரி. இத ஏத்துக்கலாம். ஆனா சார், நீங்க எழுத்துல ஒண்ணு குடுக்கணும். இந்தப் பொருளெல்லாம் நீங்க உங்க மனைவிக்குப் பரிசா குடுத்தது, விக்கிறதுக்காகக் குடுக்கல, அவங்க எதையும் பயன்படுத்தாததால பெட்டி பிரிக்காம இருந்துச்சு, அப்படின்னு. நான் தட்டச்சு பண்றேன், நீங்க கையெழுத்துப் போடுங்க." விசைப்பலகையில் கை வைத்தவள் நிறுத்தினாள். "'எதையும்'னு போடவா, 'பெரும்பாலானவற்றை'ன்னு போடவா?"

ஹப்போ மனைவியைப் பார்த்தார்.

"எதையும்," என்றாள் ஃபென்னா.

அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டவர்தான். இந்தத் தாளில் பேனா நகரவில்லை. அவமானமாக இருந்தது.

"ஏன் சொல்லல நீ?" என்றார் கடைசியில். "புடிக்கலன்னு ஒரு வார்த்தை."

"சொன்னேன். கல்யாணமான மொத வருஷம். என் பொறந்தநாளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிட்டு வந்தே. கொஞ்சம் பிடிக்குதுன்னேன். கால்ல."

"மாத்திக் குடுத்தேனே!"

"குடுத்தே. ரசீத எடுத்துக்கிட்டு அப்பவே கெளம்பி அவ்ளோ தூரம் ஓல்டன்பர்க் கடைக்குப் போயிட்டே. எங்கப்பா அம்மா, என் அக்கா, உன் தம்பி, எல்லாரும் கேக் முன்னாடி உக்காந்திருந்தாங்க. நீ திரும்பி வரச்சே ராத்திரி எட்டு மணி. எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும் மேஜைல உக்காந்திருந்தேன். நீ உள்ள வந்து, 'இது அரை அளவு பெருசு'ன்னே." அவள் கைப்பையைத் திறந்து மூடினாள். "அன்னிக்கு முடிவு பண்ணேன். அட மனுஷா, இனிமே உன்கிட்ட எல்லாமே பிரமாதம்னுதான் சொல்லணும்னு."

உப்பன் செத்த கள்ளிச்செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரசு அலுவலகத்தில் அதற்கும் ஒரு பயிற்சி கொடுப்பார்கள்போல.

ஹப்போ கையெழுத்துப் போட்டார்.

"இன்னும் ஒரே ஒரு கேள்வி," என்றாள் உப்பன். "வந்த பணத்துல மறுபடியும் சரக்கு ஏதாவது வாங்கினீங்களா மேடம்? வாங்கியிருந்தா அது வியாபாரம்தான். மொத்தக் கதையும் மாறிடும். பணம் எங்க?"

இதுதான். ஹப்போ மூன்று வாரமாக எதற்குப் பயந்தாரோ அது ஒரு அதிகாரியின் வாய் வழியாக, படிவத்தில் இல்லாத கேள்வியாக வந்துவிட்டது. ஸ்பெயின் என்று சொல்லப்போகிறாள். அல்லது பக்கத்து ஊரிலேயே ஒரு சின்ன வீடு. அவர் தன் காலணிகளைப் பார்த்தார்.

"செலவாயிடுச்சு," என்றாள் ஃபென்னா. கைப்பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து வைத்தாள். கடைசியாக ஒரு சின்ன அட்டை. "கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, கொள்ளைக் காசு. ரெண்டு தடவ தேர்வுல தோத்தேன். மூணாவது தடவ, போன வெள்ளிக்கிழமை, குடுத்துட்டாங்க."

உப்பன் அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "அறுபத்து மூணு வயசுல," என்றாள். பிறகு தன் வேலை நினைவுக்கு வந்தவளாக, "சரக்கு வாங்கல. நல்லது," என்று எழுதிக்கொண்டாள்.

"நீச்சல்குளம்?" என்றார் ஹப்போ.

"ஆறு மாசமா செவ்வாயும் வியாழனும் வீட்டுக்கு வரேன். என் தலைமுடி ஒரு நாளாவது ஈரமா இருந்துச்சா?"

ஹப்போ யோசித்தார். அணையின் கடல் பக்கச் சரிவில், நாற்பது அடி தூரத்திலிருந்து, புல்லுக்குள் இருக்கும் எலி வளையைக் கண்டுபிடிக்கிற கண்கள் அவை. தலைமுடி எப்படி இருந்தது என்று அவருக்கு நினைவில்லை.

வரி ஒன்றும் இல்லை என்று சொல்லி உப்பன் இருவருக்கும் கைகொடுத்து அனுப்பினாள். கார் நிறுத்தும் இடத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. ஹப்போ வழக்கம்போல ஓட்டுநர் பக்கம் போனார். ஃபென்னா ஏற்கனவே அங்கே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"காப்பீட்டுல ஓட்டுநர்னு என் பேர் மட்டுந்தான் இருக்கு," என்றார் அவர்.

"திங்கக்கிழமையே என் பேரையும் சேத்துட்டேன்."

அவர் சாவியைக் கொடுத்தார். சொந்தக் காரின் மறுபக்க இருக்கையில் அவர் உட்காருவது அதுதான் முதல் முறை. இருக்கையை எப்படிப் பின்னால் தள்ளுவது என்று தெரியாமல் முழங்கால் முட்ட உட்கார்ந்தார். கார் ஒரு முறை நின்றது. மறுபடி கிளம்பியது. எதிரே வந்த பேருந்துக்காரன் ஒலி எழுப்பினான். ஃபென்னா அவனுக்கு ஒரு வசவு கொடுத்தாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை ஹப்போ கேட்டதே இல்லை. அதையும் கார் ஓட்டும் பள்ளியிலேதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஊரைத் தாண்டியதும் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனாள். அவர் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை இரண்டு முறை மிதித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் சாலை வந்தது. கார் திரும்பவில்லை. ஹப்போ அந்தத் திருப்பம் கண்ணாடி வழியாகப் பின்னால் போவதைப் பார்த்தார். முன்னால் நேராக நோர்டைக் போகும் சாலை, அதற்கப்புறம் அணை, அதற்கப்புறம் கடல். அவருக்குப் பயமாக இருந்தது. ஆனால் போகிற காரில் தானும் இருக்கிறோம் என்பதும் மெதுவாக உறைத்தது.

"ஃபென்னா."

"ம்."

"நீ என்னை விட்டுட்டுப் போகப்போறேன்னு நெனைச்சேன்."

அவள் கியரை மாற்றினாள். "நானும் அப்படித்தான் நெனைச்சேன்," என்றாள். "அதுக்குத்தான் கத்துக்க ஆரம்பிச்சேன்."

முன்னால் போன ஒரு பால் வண்டியை அவள் தாண்டினாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. எப்ப வேணும்னாலும் போகலாம்னு ஆனப்புறம் அவசரம் போயிடுச்சு."

ஹப்போ தன் கைகளைப் பார்த்தார். அடுத்த மாதம் பதினான்காம் தேதி அவளுடைய பிறந்தநாள். கடையில் ஒன்றைப் பார்த்துக்கூட வைத்திருந்தார். மழையின் அளவைத் தானே குறித்துக்கொள்ளும் கருவி. முப்பத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததை அவர் கேட்டார்.

"உனக்கு என்ன வேணும்?"

"இப்பவா?"

"இப்பத்தான்."

"இப்போதைக்குப் பேசாம உக்காரு," என்றாள் ஃபென்னா. "முன்னால ரவுண்டானா வருது."